தோளில் விழும் உதை: ரவைத் தோட்டாவில் மருந்தின் பங்கு

ரவைத் துப்பாக்கி சுடுவோர் உதை கூடினால் முதலில் பழிப்பது மருந்தைத்தான். வேகமாக எரியும் மருந்து வெடுக்கென்று உதைக்கும், மெதுவாக எரிவது தள்ளும் என்பார்கள். கண்மாய்க் கரைகளுக்குப் பழக்கமான, நரிக்குறவர் கை நாட்டுத் துப்பாக்கியையும், புதுக்கோட்டை வீரர் பிருத்விராஜ் தொண்டைமான், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப் போட்டியில் ஏந்தும் 12 போர் துப்பாக்கியையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தால் இந்தக் கூற்று நிற்காது.

ரவை, அடைப்பு, மருந்து மூன்றும் சேர்ந்து முன்னே கொண்டுபோகும் உந்தமே துப்பாக்கியைப் பின்னே தள்ளுகிறது. போட்டி விதி ரவையை 24 கிராமுக்குள் நிறுத்துகிறது. நொடிக்கு 400 மீட்டர் வேகம், 3.6 கிலோ துப்பாக்கி என்றால் பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 18 ஜூல். அதே வேகத்தில் ரவையை 32 கிராமாக்கினால் 30 ஜூல். ரவை கூடியது மூன்றில் ஒரு பங்கு. உதை கூடியதோ மூன்றில் இரண்டு பங்கு. 24 கிராம் தோட்டாவையே 3 கிலோ துப்பாக்கியில் சுட்டால் 22 ஜூலைத் தொடும்.

நாட்டுத் துப்பாக்கியில் இடும் கரிமருந்துக்கு 'தள்ளும், உதைக்காது' என்று நல்ல பெயர் உண்டு. கணக்கு வேறு சொல்கிறது. 32 கிராம் ரவையை நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் அனுப்பப் புகையில்லா மருந்து 1.4 கிராம் போதும். கரிமருந்து 5 கிராமுக்கு மேல் வேண்டும். புகையாய்ப் போனாலும் அதுவும் எடைதான். பின்னுந்தம் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. ஆக, மருந்து தன் எடையால் உதைக்கிறது. எரியும் வேகத்தால் அன்று. கரிமருந்தின் மந்தமான ஓசையைக் கேட்ட காதுதான் தோளுக்காகச் சாட்சி சொல்கிறது என்பது என் கணிப்பு.

எரியும் வேகம் ஏன் தோளை எட்டுவதில்லை? ரவை குழலைக் கடக்க ஆகும் நேரம் சுமார் 3 மில்லிநொடி. அதற்குள் துப்பாக்கி நகர்வது ஐந்தாறு மில்லிமீட்டர். மருந்துக்கு மருந்து மாறுவது இதில் சிறு பின்னமே. தோள் சதையும் ரப்பர் பட்டையும் அதைவிட அதிகம் அமுங்கி, பத்து மடங்கு நேரமெடுத்து அடியை வாங்குகின்றன. ரப்பர் இல்லாத, ஒடுங்கிய கட்டையுள்ள நாட்டுத் துப்பாக்கி அதே உந்தத்தைக் குறுகிய இடத்தில் இறக்குகிறது. கட்டை நீளம் பொருந்தாவிட்டால் கன்னமும் அடிவாங்கும். ட்ராப் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், தட்டுக்கு இரண்டு தோட்டாவரை. இரண்டாம் நாள் உதையை எதிர்பார்த்துக் கண் தானாகவே மூடிக்கொள்ளத் தொடங்கும். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் குழுத் தங்கத்தில் தொண்டைமான் பங்கு பெற்றார். அந்தத் தரத்தில் கட்டை அளவு சில்லறை விஷயமல்ல.

அப்படியானால் எரியும் வேகமே உதைக்கிறது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வெவ்வேறு மருந்துள்ள இரு தோட்டாப் பெட்டிகளிலும் 24 கிராம் என்றே அச்சிட்டிருக்கும். ஒன்றின் வேகம் நொடிக்கு 380, மற்றதன் வேகம் 410 மீட்டராக இருக்கலாம். இதனால் மட்டும் உதை 16 ஜூலிலிருந்து 19 ஜூலுக்கு ஏறும். வேகத்தை அளக்காமல் இரண்டையும் சுட்டுப் பார்ப்பவர், அந்த வேறுபாட்டை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்.