பங்க் இல்லீங்க, பம்ப்!

இது பெட்ரோல் பங்க் பற்றிய பதிவு இல்லை. காருக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் பற்றியது. "பி.காம். படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று நம்ம வகுப்பில் கேட்பீர்கள். ரிப்பேர் செய்வதா, புதுசு மாற்றுவதா என்பது காஸ்ட் அக்கவுண்டிங் கேள்விதானே!

ஆரம்ப காலத்தில் பல கார்களுக்கு பம்பே கிடையாது. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் தானாக இறங்கி என்ஜினுக்குப் போகும். செங்குத்தான மேடு வந்து, டேங்கில் பெட்ரோலும் குறைவாக இருந்தால் சிக்கல்தான். அதனால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸ் கியரில் மேடு ஏறினார்களாம் :-) பிறகு டேங்க் காரின் பின்பக்கம் போனது. அங்கிருந்து பெட்ரோலை இழுத்து வர ஒரு ஆள் வேண்டுமே? 1920களின் பிற்பகுதியிலிருந்து மெக்கானிக்கல் பம்ப் பரவியது.

நம்ம ப்ரீமியர் பத்மினியிலும், 1983-ல் வந்த மாருதி 800-லும் இருந்தது இந்த வகைதான். என்ஜினோடு ஒட்டி இரண்டு போல்ட்டில் நிற்கும். என்ஜின் சுற்றும்போது உள்ளே ஒரு நெம்புகோல் ஆடி, டயஃப்ரம் என்கிற ரப்பர் துணியை இழுத்து விடும். பெட்ரோல் ஒரு வால்வு வழியே வந்து இன்னொன்றின் வழியே கார்புரேட்டருக்குப் போகும். அழுத்தம் வெறும் 3 முதல் 5 பிஎஸ்ஐ.

இந்தக் கதையில் நம்ம ஜி.எஸ்.டி. ரோட்டுக்கும் பங்கு உண்டு. 1985-ல் தொடங்கிய யூகால் ஃப்யூயல் சிஸ்டம்ஸ், ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு மறைமலை நகரில் கார்புரேட்டர் தயாரித்து மாருதிக்குக் கொடுத்தது. திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தெற்கே போன எத்தனையோ மாருதிகள் இந்தச் சாலைக்காரர்களின் கைவேலையைச் சுமந்துதான் போயின.

சரி, பிரச்சினைக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் சுமார் 40 கிலோமீட்டர். மே மாத மதியம் அந்த ரோட்டில் பழைய கார் நின்றால் உடனே பம்பைக் குற்றம் சொல்லக் கூடாது. பெட்ரோலின் லேசான பகுதிகள் 40 டிகிரி வாக்கிலேயே ஆவியாகும். என்ஜின் சூட்டில் பம்புக்குள் ஆவி அடைத்துக்கொண்டால் பெட்ரோல் வராது. அம்பாசடர் டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது இதற்குத்தான். ஆறியதும் வண்டி கிளம்பினால் பம்ப் சாகவில்லை என்று அர்த்தம்.

ஆறியும் கிளம்பவில்லையா? மெக்கானிக் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் பைப்பை ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிப்பார். (பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது!) பெட்ரோல் விட்டு விட்டுப் பீய்ச்சினால் பம்ப் நல்லாயிருக்கு. வரவில்லை என்றால் முதலில் டேங்க், ஃபில்டர், வெடித்த ரப்பர் ஹோஸ். கடைசியில்தான் பம்ப். என்ஜின் ஆயிலில் பெட்ரோல் வாசனை வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம். டயஃப்ரம், வால்வு, கேஸ்கட் அடங்கிய ரிப்பேர் கிட் போட்டால் அதே பம்ப் மறுபடி ஓடும்.

2000-ல் நாடு முழுவதும் யூரோ 1-க்கு இணையான புகை விதிகள் வந்தன. அதே ஆண்டு மாருதி 800-க்கும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பெட்ரோலைத் தூவ சுமார் 3 பார், அதாவது 40 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வேண்டும். மெக்கானிக்கல் பம்புக்கு அந்தத் தெம்பு இல்லை. அதனால் மின்சார பம்ப் டேங்குக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. தொல்லை கொடுத்த ஆவி அடைப்பும் பெரும்பாலும் ஒழிந்தது.

லாபம் இருக்கும் இடத்தில் செலவும் இருக்குமே? இந்த பம்பில் டயஃப்ரம் மாற்றும் வேலை இல்லை. மோட்டார் போனால் மோட்டாரையே, பல நேரம் முழு செட்டையே மாற்ற வேண்டும். அதற்குச் சில கார்களில் டேங்கையே இறக்க வேண்டும். பாட்டிலில் பீய்ச்சுவதைக் கண்ணால் பார்த்த வண்டிக்காரர், இப்போது சொல்வதை நம்பிப் பணம் கட்டுகிறார்.

ஆனால் சோதிக்கும் வரிசை மாறவில்லை. சாவியை ஆன் செய்ததும் பின்பக்கம் இரண்டு விநாடி 'ஊம்' சத்தம் வருகிறதா? இல்லையென்றால் முதலில் ஃபியூஸ், பிறகு ரிலே, ஒயர். சத்தம் வருகிறதா? அப்போது கேஜ் வைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். சில ரூபாய் ஃபியூஸ் போனதற்குச் சில ஆயிரம் ரூபாய் பம்பை மாற்றுவது எந்தக் கணக்கில் சேரும்?

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பழைய வகை ரப்பருக்கு எத்தனால் ஆகாது. டயஃப்ரத்தையும் ஹோஸையும் அடிக்கடி பாருங்கள்.

அடுத்த முறை யாராவது "பம்ப் போச்சு, மாத்தணும்" என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேஜில் எவ்வளவு காட்டிச்சு அண்ணே?" பதில் வந்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.