ஆடியவர் என்ன சொன்னார்? மைசூர் அரண்மனைப் பலகை முதல் கணினித் திரை வரை

ஒரு விளையாட்டின் வரலாற்றை எழுத முற்படுபவர் எவற்றைச் சான்றாகக் கொள்கிறார்? பலகை, காய்கள், விதிநூல், உருவாக்கியவர் பெயர், ஆண்டு. இவ்வளவும் கிடைத்துவிட்டால் வரலாறு முழுமை பெற்றதாகக் கருதிவிடுகிறோம். அதை ஆடியவர்கள் ஆடும்போதும் ஆடி முடித்த பின்னும் என்ன சொன்னார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. கணினியில் ஆடப்படும் மாயஉலகப் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் வரலாறு இதற்கு ஒரு விலக்கு. அங்கே ஆடியவர்களின் எதிர்வினை விளையாட்டையே மாற்றியிருக்கிறது. இவ்விரு நிலைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க, நான் ஆய்வு செய்துவரும் மைசூருவைவிடப் பொருத்தமான ஊர் இருக்க முடியாது என்று தோன்றுகிறது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் சிறுவனாக அரியணை ஏற்றப்பட்டார். கன்னடத்தில் அவரை மும்மடி என்பர். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். 1868இல் மறையும்வரை அவர் ஆட்சிப்பொறுப்பு இல்லாத அரசராகவே இருந்தார். அந்த நீண்ட காலத்தில் அவரது அவை புலவர்களாலும் ஓவியர்களாலும் நிறைந்திருந்தது. அதன் விளைவுகளில் ஒன்று ‘ஸ்ரீதத்வநிதி’ என்னும் பெருந்தொகுப்பு. ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்ட அந்நூலின் இறுதிப் பகுதியான கௌதுக நிதி விளையாட்டுகளுக்கு உரியது. சதுரங்கக் குதிரையை எல்லாக் கட்டங்களிலும் ஒருமுறை மட்டும் நிறுத்தி நடத்தும் புதிருக்கு மன்னரே தீர்வுகள் கண்டார். புதிய பலகை விளையாட்டுகளையும் வகுத்தார். ஆர். வசந்தா, அவருடைய விளையாட்டுகளையும் புதிர்களையும் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

இவற்றுள் என் கவனத்தை ஈர்ப்பது ‘சாட்’ எனப்படும் மைசூர்க் கஞ்சீபா சீட்டாட்டம். கஞ்சீபா பாரசீகத் தொடர்புடைய, வட்டவடிவச் சீட்டுகளைக் கொண்ட ஆட்டம். அதன் தசாவதார வடிவத்தில் பத்து அவதாரங்களுக்கும் பத்து வரிசைகள் உண்டு. வரிசைக்கு 12 சீட்டுகளாக மொத்தம் 120. பகலில் ஆடினால் இராமனின் வரிசையை வைத்திருப்பவரும், இரவில் ஆடினால் கிருஷ்ணனின் வரிசையை வைத்திருப்பவரும் தொடங்குவது மரபு. மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடி, ஒடிசா எனப் பல இடங்களில் இந்த ஆட்டம் வேரூன்றியது. மும்மடியார் இந்த அமைப்பை வெகுவாக விரித்தார். கௌதுக நிதி 13 வகைச் சாட் ஆட்டங்களை விவரிக்கிறது. பொதுவாக ஒரு வரிசையில் 12 எண் சீட்டுகளும் 6 அரசவைச் சீட்டுகளும் இருக்கும். சில ஆட்டங்களில் வரிசைகளே 18 வரை செல்லும். மிகப் பெரிய கட்டில் 360 சீட்டுகள்.

இவை மக்களிடையே பரவவில்லை. அரண்மனைக்கு வெளியே ஆடப்பட்டிருக்க வாய்ப்புக் குறைவு என்பதே ஆய்வாளர்களின் கருத்து. 120 சீட்டுகள் கொண்ட ஆட்டம் ஊர் ஊராகச் சென்றது. 360 சீட்டுகள் கொண்ட ஆட்டம் சுவருக்குள் நின்றுவிட்டது. இத்தனை சீட்டுகளைக் கையால் வரைவதற்கு ஆகும் செலவு ஒரு காரணமாகலாம். விதிகளை நினைவில் நிறுத்துவது மற்றொன்றாகலாம். ஆனால் இவை இரண்டும் விதிநூலைப் படித்து நாம் செய்யும் ஊகங்கள். அரசரோடு அமர்ந்து சீட்டைக் கையில் ஏந்தியவர் சலித்தாரா, வியந்தாரா, அரசர் என்பதால் தோற்றுக்கொடுத்தாரா என்பது விதிநூலின் மொழியில் இடம்பெறாது. விதிநூல் ஏவல் வினையில் பேசும் நூல். ‘இதை இடுக’, ‘அதை எடுக்க’ என்பதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது.

இப்போது இன்னொரு காலத்துக்கும் கண்டத்துக்கும் செல்வோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடுவது அது. அதன் தாக்கத்தில் கணினிக்கு வந்த தொடர்களுள் ஒன்று, ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய ‘அல்டிமா’. அதன் முதற்பகுதிகள் பிற நிறுவனங்கள் வழியே வெளிவந்தபோது ஆடியவர்களின் கடிதங்கள் அவரை வந்தடையவில்லை. 1983இல் ‘ஆரிஜின்’ என்ற சொந்த நிறுவனத்தின் மூலம் மூன்றாம் பகுதியை வெளியிட்ட பிறகே அவற்றைப் படித்தார்.

அக்கடிதங்கள் அவரைத் திடுக்கிட வைத்தன. சில பெற்றோர், அவர் தீய சக்திகளைப் பரப்புவதாகக் குற்றம் சாட்டியிருந்தனர். ஆடியவர்களோ தாம் வென்ற வழியைப் பெருமையோடு விவரித்திருந்தனர். உலகைக் காக்க வந்த வீரன் கடைகளில் திருடி, வழியில் நின்ற ஊராரைக் கொன்று பொருள் சேர்த்திருந்தான். விதி அதைத் தடுக்கவில்லை. வேகமாக வெல்ல அதுவே எளிய வழியாகவும் இருந்தது. தாம் எழுதிய கதை ஒன்று, ஆடியவர்கள் ஆடிய கதை வேறொன்று என்பதைக் கேரியட் கண்டுகொண்டார்.

அதன் விடையாக வந்தது 1985இன் ‘அல்டிமா நான்கு’. அதில் இறுதியில் கொல்லப்பட வேண்டிய பகைவன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டு அறங்களில் தேர்ந்து ‘அவதார்’ ஆவதே இலக்கு. மூலிகை விற்கும் பார்வையற்ற பெண்ணிடம் விலையை வாங்குபவரே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் அந்த நொடியில் எதுவும் நேராது. ஆனால் நேர்மைக் கணக்கு மறைவாக இறங்கிவிடும். பிற்காலத்தில் அதன் பாதிப்பு தெரியவரும். ஆடியவர்களின் எதிர்வினையைக் கேட்டு அறத்தையே விதியாக்கிய ஆட்டம் அது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே பரமபதம் நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் அந்தப் படத்திலும் நற்செயல் ஏணியாகவும் தீச்செயல் பாம்பாகவும் நிற்கின்றன. வேறுபாடு ஒன்றுதான். பரமபதத்தில் பாம்பின் வாயில் நம்மைக் கொண்டுசேர்ப்பது பகடை. ‘அல்டிமா’வில் நம் கை. முன்னது வினைப்பயனைக் காட்டுகிறது, பின்னது வினையைக் கண்காணிக்கிறது.

‘அவதார்’ என்ற சொல்லின் பயணமும் கவனிக்கத்தக்கது. வடமொழி ‘அவதாரம்’ என்பதன் பொருள் கீழிறங்குதல். தெய்வம் உலகில் இறங்குவதைக் குறித்த சொல், 1985இல் அறநிறைவு பெற்ற மனிதனைக் குறித்தது. அடுத்த ஆண்டு லூகாஸ்ஃபிலிமின் ‘ஹாபிடாட்’ என்னும் இணைய உலகில் திரையில் தோன்றும் உருவைக் குறித்தது. இன்று முகநூலில் நம் கேலிச்சித்திரத்துக்குப் பெயராகத் தமிழுக்கே ‘அவதார்’ என்று மெய்யெழுத்தில் முடிந்து திரும்பியிருக்கிறது. நம்மிடம் அவதாரமும் அவதாரும் இப்போது இரு வேறு சொற்கள்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது ஆடுபவர் பயன்படுத்தும் தன்மை இடப்பெயர். கணினியில் ஆடும் இளைஞர் ‘நான் மூணு தடவை செத்துட்டேன்’ என்கிறார். உயிரோடிருப்பவர் இறந்தகாலத் தன்மை வினையில் ‘செத்தேன்’ என்று நேர்ப்பொருளிலேயே சொல்ல, ஆட்டம் மட்டுமே இடமளிக்கிறது. இது திரை தந்த புதுமை என்று சிலர் எழுதுகின்றனர். தாயம் ஆடியவர்களுக்கு இது புதிதன்று. ‘என்னை வெட்டிட்டான்’, ‘நான் பழமாயிட்டேன்’ என்று ஆடுபவர் காயாகவே பேசுகிறார். பேரன் ‘பாட்டி, உங்களை வெட்டிட்டேன்’ என்பான். மரியாதைப் பன்மை அப்படியே நிற்க, வேறெந்தச் சூழலிலும் பாட்டியிடம் சொல்லக்கூடாத வினை அதனோடு வந்து சேர்கிறது. ஆட்டத்தின் இலக்கணம் அதை அனுமதிக்கிறது, பாட்டியும் சிரிக்கிறார்.

சுற்றை முடித்த காய் பழமாகும் என்ற உருவகம் தமிழோடு நிற்பதில்லை. மைசூரு வீடுகளில் ஆடப்படும் சௌகாபாராவிலும் காய் ‘காயி’தான்; வீடு சேர்ந்தால் அது ‘ஹண்ணு’, அதாவது பழம். தாயம் விழுந்தால் நாம் காயை ‘இறக்குகிறோம்’. அவதாரத்தின் பொருளும் இறங்குதல்தான். இது சொற்பிறப்பு உறவு அன்று. பலகைக்குள் செல்வதை இறங்குதலாகக் காணும் பொதுவான எண்ணம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

இத்தகைய பேச்சு எந்தக் கௌதுக நிதியிலும் இல்லை. ஜெகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் ஆட்டக் கட்டங்களை இன்றும் காணலாம். ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா போன்ற மைசூரு அமைப்புகள் பலகைகளை மீண்டும் செய்வித்துக் காட்சிக்கு வைத்து, மக்களை ஆடவும் வைத்திருக்கின்றன. அது பெரும்பணி. ஆனால் பலகையை மீட்பதால் பேச்சு மீண்டுவிடாது.

மறுபுறம் உலகின் பெரிய நிறுவனங்கள் ஆடுபவர் குரலை உற்பத்தியின் ஓர் உறுப்பாகவே ஆக்கிவிட்டன. ‘பால்டர்ஸ் கேட் 3’ 2020 அக்டோபரில் முற்றுப்பெறாத நிலையிலேயே ஆடுவோருக்குத் தரப்பட்டது. அவர்களின் கருத்துகளைக் கேட்டுக் கேட்டுத் திருத்தப்பட்டு, 2023 ஆகஸ்டில்தான் முழுமையாக வெளிவந்தது. நாளை அதன் வரலாற்றை எழுதுபவருக்குச் சான்றுக்குப் பஞ்சமில்லை. நம் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் அளிகுளிமணைக்கும் பரமபதத்துக்கும் விதிகள் மட்டுமே அச்சில் எஞ்சும் நிலை.

1969இல் மைசூருவில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தோன்றியது முதல் களப்பதிவு இவ்வூருக்குப் பழக்கமான தொழில். களத்தில் நாம் உறவுப்பெயர், கதை, தாலாட்டு, ஒப்பாரி என்று கேட்டு வாங்குகிறோம். விளையாட்டைக் கேட்டால் விதியை மட்டும் கேட்கிறோம். ‘எப்படி ஆடுவீர்கள்?’ என்ற கேள்விக்குக் கிடைப்பது இன்னொரு விதிநூல். கேட்பதை விட்டு, இருவரை ஆடச்சொல்லி முழு ஆட்டத்தையும் பதிவு செய்தால், வசவு, கெஞ்சல், பொய்க்கணக்கு, பகடையை அழைக்கும் விளி எல்லாம் தானே வந்து விழும். பல்லாங்குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்பதை விதி சொல்லும். அந்தப் பசுவை எதிரி கவனிக்காதபோது எடுப்பவரின் குரலைப் பதிவு மட்டுமே காட்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாயமோ பல்லாங்குழியோ ஆடிய மூத்தவர் இருந்தால் அவரோடு ஓர் ஆட்டம் ஆடுங்கள். கைப்பேசியின் ஒலிப்பதிவை, அவர் இசைவோடு, ஓரமாக ஓடவிடுங்கள். விளக்கம் கேட்க வேண்டாம், ஆட்டம் முடியட்டும். பகடை கேட்டபடி விழாதபோது அவர் என்ன சொல்கிறார், வெட்டுப்பட்ட காயை எப்படி அழைக்கிறார் என்பதை ஊர்ப்பெயருடன் கீழே எழுதுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம், சௌராஷ்டிரம் எதுவாயினும் சரி. ஒப்பிட்டு எழுதும்போது ஊர்களின் பெயரோடு குறிப்பிடுகிறேன்.