கிடை மறித்த வயல்கள்

காவிரிப் படுகையில் தை, மாசி மாதங்களில் சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டுமே நிற்கும் வயல்களை நாடி, இராமநாதபுரம் ஜில்லாவின் வறண்ட பூமியிலிருந்து செம்மறி மந்தைகளை ஓட்டிவரும் கீதாரிகள், ஆற்றில் புதுநீர் வரும் காலம்வரை ஊர் ஊராகத் தங்கிக் கிடை மறித்து வந்தது நெடுங்காலச் சம்பிரதாயம். பகலெல்லாம் தரிசிலும் புறம்போக்கிலும் மேய்ந்த ஆடுகளை அந்தியில் வயலொன்றில் படல் கட்டி அடைப்பார்கள்; மறுநாள் படலைப் பெயர்த்து அடுத்த துண்டில் நடுவார்கள்; இவ்வாறு வயல் முழுதும் எரு பரவிய பின்னரே மந்தை வேறு நிலத்துக்கு நகரும். கூலி முன்னாளில் நெல்லாக அளக்கப்பட்டது, பிற்பாடு பணமாயிற்று.

'ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்' என்று குடியானவர்கள் சொல்லிவந்த பழமொழி, இரண்டு எருக்களின் குணபேதத்தைப் பயிரின் பச்சையிலேயே கண்டு தேர்ந்தவர்களின் வாக்கு. வைக்கோலும் செத்தையும் கலந்து குப்பைமேட்டில் கிடந்த மாட்டெருவில் நைட்ரஜன் குறைவு. அதுவும் கரிமப் பொருளோடு பிணைந்து, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து முடிக்கும்வரை பயிருக்கு எட்டாமல் நிற்கும். ஆட்டுப் பிழுக்கையிலோ அச்சத்து மிகுதி. அதனினும் முக்கியமாக, கிடையில் ஆட்டின் மூத்திரம் வீணாகாமல் நேரே மண்ணில் இறங்குகிறது. 1889-ல் இந்தியாவுக்கு வந்து இந்நாட்டு விவசாயத்தை ஆராய்ந்த வோல்க்கர் என்னும் ஆங்கில ரசாயன நிபுணர், 1893-ல் வெளியான தம் அறிக்கையில், விறகுப் பஞ்சத்தால் சாணம் அடுப்புக்குப் போவதைக் கவலையோடு எடுத்துரைத்தார்; அடுப்புக்கும் போகாமல், தொழுவத்திலும் வீணாகாமல் எருவை வயலிலேயே சேர்த்த ஏற்பாடு இந்தக் கிடை.

மூத்திரத்திலுள்ள யூரியா சில நாட்களுக்குள் அம்மோனியாவாக மாறுகிறது. அது காற்றுள்ள மண்ணில் நைட்ரேட்டாகிறது. பயிரின் வேர் பெரும்பாலும் இவ்விரு வடிவங்களில்தான் நைட்ரஜனை உறிஞ்சுகிறது. நைட்ரேட் உண்டாவது வெறும் ரசாயனக் கிரியையே என்று பலரும் கருதிய காலத்தில், 1877-ல் பிரான்ஸ் தேசத்து ஷ்லோஸிங், முன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயில் கழிவுநீரை மெதுவாக வடியவிட்டு, குளோரோஃபார்ம் ஆவி பட்டதும் அம்மாற்றம் நின்றுபோவதைக் கண்டு, அது உயிர்களின் வேலையென்று நிலைநாட்டினர். கிடை பெயர்ந்ததும் தாமதியாமல் உழுதுவிடும் நல்ல குடியானவர், கோடை வெயிலில் ஆவியாய்ப் பறந்துவிடக்கூடிய அம்மோனியாவை, அதன் பெயரறியாமலே, மண்ணுக்குள் அடக்கினார். ஆனால் கோடைமண்ணில் விளைந்த நைட்ரேட்டில் ஒரு பங்கு, வயலில் நீர் நிறைந்ததும் மீண்டும் வாயுவாகிக் கழிந்துவிடும். ஆதலால் நடவுக்கு வெகுமுன்பே மறித்த கிடையின் பலன் முழுமையாகக் கிட்டுவதில்லை.

ஆடு நைட்ரஜனைப் படைப்பதில்லை, சேகரித்துக் கொணர்கிறது. அந்தச் சேகரத்தின் மூலத்தைத் தேடினால், கீதாரி தொரட்டியால் உலுக்கி ஆடுகளுக்குப் போடும் கருவேல நெற்றில் போய் நிற்கிறோம். அவரையினத்துச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகாயத்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கின்றன என்பதை ஜெர்மானியரான ஹெல்ரீகல் 1886-ல் அறிவித்தார். கருவேலமும் அந்த இனத்ததே. தரிசில் நின்ற முள்மரம் காற்றிலிருந்து பெற்றது, நெற்றாகி, ஆட்டின் குடலில் புகுந்து, சில நாட்களுக்குள் நஞ்செய் மண்ணில் வந்து விழுந்தது. ஊர்ப்பொதுவான மேய்ச்சல் பூமியின் வளம் இவ்வழியே மிராசுதாரின் வயலுக்குப் பெயர்ந்ததையும், அதைச் சுமந்து வந்தவர் பெரும்பாலும் நிலமற்றவராயிருந்ததையும் இச்சரித்திரத்திலிருந்து நீக்கிவிட முடியாது.

காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்க 1909-ல் ஹேபர் என்னும் ரசாயன நிபுணர் காட்டிய மார்க்கம், 1947-ல் ஆல்வாயில் எழுந்த உரத் தொழிற்சாலை வழியாகத் தென்னாட்டையும் அடைந்தது. 1960-களில் ஆடுதுறை 27 போன்ற குறுகியகால ரகங்கள் பரவியபோது, மூட்டையில் வந்த உரம் கிடையின் தேவையைக் குறைத்தது. போகங்கள் நெருங்கியதால் வயல் வெறுமையாய்க் கிடக்கும் காலமும் சுருங்கிற்று. கீதாரிகள் இன்றும் வருகிறார்கள். படலிருந்த இடத்தில் நைலான் வலை கட்டுகிறார்கள். எரு கேட்கும் நிலம் இருக்கிறது. பகலில் மந்தை மேய வேண்டிய புறம்போக்குதான் ஊருக்கு ஊர் சுருங்கிக்கொண்டே வருகிறது.