நோர்விச் நகரசபையின் கணிப்பொறி

நகரசபை என்றதும் பலருக்கு முதலில் நினைவில் எழுவது வரிச்சீட்டே. அச்சீட்டு வீட்டு வாயிலை வந்தடையுமுன் எத்தனை இலிகிதர்களின் கைகள் உழைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அவ்வுழைப்பை மின்கருவியிடம் ஒப்படைக்க முதன்முதலில் துணிந்த பிரித்தானிய உள்ளூராட்சி மன்றம் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது நோர்விச் நகரசபையாகும்.

நோர்விச், இங்கிலாந்தின் கிழக்கே உள்ள பழம்பெரும் நகரம். நோர்மானியர் எழுப்பிய கோட்டையும் பேராலயமும் அதன் அடையாளங்கள். 1951ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 1,20,000 பேர். இலண்டனோ மாஞ்செஸ்ரரோ போன்ற பெருநகரமன்று. எனினும் ஆதனவரிக் கணக்கும் ஊழியர் சம்பளக் கணக்கும் அங்கும் மலைபோற் குவிந்தன. அக்காலத்து ஆங்கில நாணயமோ கணக்கெழுதுவோரைச் சோதிப்பதற்கென்றே அமைந்தது போன்றது: பன்னிரண்டு பென்ஸ் ஒரு சிலிங், இருபது சிலிங் ஒரு பவுண்.

நகரசபையின் பொருளாளர் ஏ. ஜே. பார்னாட் என்பவரும் அவருடைய துணைவர்களும் 1953–54ஆம் ஆண்டளவில் கணிப்பொறியைப் பற்றி ஆராயத் தொடங்கினர். கணிப்பொறி என்பது அந்நாளிற் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுகூடங்களுக்கும் உரிய பொருள். காரியாலயக் கணக்குக்கு அதனை 1951இல் முதன்முதலாகப் பயன்படுத்தியது, தேநீர்ச் சாலைகளுக்குப் பேர்போன லயன்ஸ் கொம்பனி என்பது தேயிலை விளையும் நாட்டவர்க்குச் சுவையான செய்தி. ஆனால் ஒரு கொம்பனியின் துணிவு வேறு, நகரசபையின் துணிவு வேறு. கருவி தவறினாற் கொம்பனி தன் பணத்தை இழக்கும். நகரசபை இழப்பதோ வரியிறுப்பாளரின் பணம். சம்பள நாளன்று கூலி தாமதித்தால் அதற்கு விடைகூறவேண்டியவரும் பொருளாளரே.

இயந்திரத்தை வாங்குவதிலும் அதற்கு வேலை கற்பிப்பதே கடினம். ஆண்டின் நடுவே வீடு கைமாறினால் வரியை எவ்வாறு பிரிப்பது, வீடு வெறுமையாய்க் கிடந்தால் என் செய்வது என்பவற்றை அனுபவமுள்ள இலிகிதர் வழக்கத்தால் அறிவார். ஐயம் எழுந்தால் அடுத்த மேசையில் இருப்பவரைக் கேட்பார். கருவிக்கு அடுத்த மேசை ஏது? ஒவ்வொரு விதியையும், விதிக்கு விலக்கையும், ஒன்றுவிடாது முன்னரே எழுதிக் கொடுத்தாக வேண்டும். பல்லாண்டாய் மனத்தளவில் இருந்த நடைமுறைகள் இவ்வாறுதான் முதன்முறையாகக் கட்டளை வடிவம் பெறுகின்றன.

1956 சனவரியில் எலியற் சகோதரர் கொம்பனிக்கு நகரசபை கட்டளை அனுப்பியது. அவர்கள் செய்த எலியற் 405 என்னும் கணிப்பொறி, வெற்றிடக் குழாய்களால் இயங்குவது. அலுமாரிகளை வரிசையாய் நிறுத்தினாற்போன்ற தோற்றமுடையது. விபரங்களைச் சேமித்து வைக்க, திரைப்படச் சுருளின் அகலமுள்ள காந்தப் படலத்தைப் பயன்படுத்தியது.

1957 பெப்ரவரியில் அது நோர்விச் வந்து சேர்ந்தது. பொருளாளர் கந்தோரின் முன்னே, லொறியிலிருந்து பெரிய பெட்டியொன்றை ஆட்கள் பக்குவமாய் இறக்கும் காட்சி நிழற்படமாய் நிலைத்துவிட்டது. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் நாள், நகரபிதாவும் பத்திரிகையாளரும் சூழ்ந்து நிற்க, கருவி தன் வேலையைச் செய்து காட்டியது. அம்மாதமே நகரசபையின் கணக்குகளை அது ஏற்றுக்கொண்டது.