கடைசிக் கை: வீட்டு அறை மாஸ்டரிங் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

எங்கள் வீதி நாடகக் குழுவின் ஐந்து பாட்டுகளை என் வீட்டு மாடி அறையில்தான் பதிவு செய்தோம். ஒரு கணினி, இரண்டு மைக், எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் போர்வை. கலந்து முடித்துப் போட்டுக் காட்டியபோது பறை அடித்த தோழர் சொன்னார்: ‘எல்லாஞ் சரி தோழர். சினிமா பாட்டு முடிஞ்சதும் இதப் போட்டா சத்தமே பத்தலியே?’ வெளியீட்டுக்கு முந்தைய கடைசி வேலையான மாஸ்டரிங்கையும் நானே செய்துவிடுவது என்று உட்கார்ந்தேன். லிமிட்டரைத் திருகத் திருகச் சத்தம் ஏறியது. மறுபடி போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்தவர் கேட்டார்: ‘சத்தம் வந்துருச்சு. அடி எங்க போச்சு?’

பறையில் மெல்லிய குச்சி படும் கணத்தில் ஒலி செங்குத்தாக எழுந்து உடனே சரிகிறது. லிமிட்டர் அந்த உச்சியைச் சீவிவிட்டு மற்றதையெல்லாம் மேலே தூக்குகிறது. எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டால் எதுவும் அடியாக விழாது. ஆனால் தோழரின் கேள்வியைத் தொழில்நுட்பத்தோடு முடித்துக்கொள்ள முடியவில்லை. ஓர் ஒலி வெளியே போகுமுன் அதன்மேல் கடைசியாகப் படும் கை யாருடையது, அது எதற்குக் கட்டுப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஒலிநாடா வருவதற்கு முன் ஸ்டூடியோவில் பாடப் பாடவே தட்டு வெட்டப்பட்டது. 1948இல் ஆம்பெக்ஸ் நாடாக் கருவி அமெரிக்காவில் வந்த பிறகு, பதிவு வேறு, தட்டு வெட்டுவது வேறு என்றாயிற்று. நாடாவிலிருந்து தட்டுக்கு ஒலியை மாற்றும் ஊழியர்தான் இன்றைய மாஸ்டரிங் பொறியாளரின் முன்னோடி. அவர் வேலை அழகுபடுத்துவது அல்ல. கனத்த கீழ்ஒலி பள்ளத்தை அகலமாக்கும், தட்டில் நிமிடங்கள் குறையும், ஊசி துள்ளும். எனவே கீழ்ஒலியைக் குறைத்து வெட்டி, கேட்கும் கருவியில் திரும்ப உயர்த்தினார்கள். இதற்கான பொது அளவை அமெரிக்க இசைத்தட்டுத் துறை 1954இல் ஏற்றது. ஆக, பிறக்கும்போதே மாஸ்டரிங் ஒரு சமரசம். அந்தச் சமரசம் நடந்தது கம்பெனியின் அறையில், கம்பெனியின் எந்திரத்தில். பாடியவருக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. ‘மாஸ்டர்’ என்பது மூலநாடாவையும் குறிக்கும், உடைமையாளரையும் குறிக்கும். நம் வயல்காட்டுச் சொல்லில் ஆண்டை. 1990களில் தன் மூலநாடாக்களின் உரிமைக்காக வார்னர் கம்பெனியோடு மோதிய பிரின்ஸ், கன்னத்தில் ‘அடிமை’ என்று எழுதிக்கொண்டு மேடையேறியது சும்மா இல்லை.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய ஓர் அறை ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரின் வாட்டர்ஹவுஸ் பகுதியில், ஏழைகளின் குடியிருப்பில் இருந்தது. கிங் டப்பி என்று உலகம் அறிந்த ஆஸ்பர்ன் ரடக் (1941–1989) அடிப்படையில் மின்கருவிகளைப் பழுதுபார்ப்பவர். தெருவில் ஸ்பீக்கர்களை அடுக்கி ஆட்டம் நடத்தும் ‘சவுண்ட் சிஸ்டம்’ ஒன்றும் வைத்திருந்தார். 1960களின் பிற்பகுதியில் டியூக் ரீட் என்ற தயாரிப்பாளரிடம் தட்டு வெட்டினார். குரலை நீக்கி வாத்தியத்தை மட்டும் வெட்டிய தட்டுக்குக் கூட்டம் எப்படிக் கிளம்புகிறது என்பதை அந்த நாட்களில் கண்டுகொண்டார். பிறகு தட்டு வெட்டும் எந்திரம் அவர் வீட்டுக்கே வந்தது. டைனமிக் சவுண்ட்ஸ் ஸ்டூடியோவிலிருந்து பழைய நான்கு தட மிக்ஸர் வந்தது. குளியலறை பாடகர் அறையாயிற்று. முழு வாத்தியக் குழுவுக்கு அங்கே இடமில்லை. வேறிடங்களில் பதிவான நாடாக்கள்தான் வந்தன. அதாவது அவர் கையில் இருந்தது கடைசிக் கட்டம் மட்டும். அந்தக் கடைசிக் கட்டத்தையே அவர் படைப்பின் தொடக்கமாக்கினார்: குரலை அறுத்தார், எதிரொலியில் கரைத்தார், கீழ்ஒலியை முன்னால் தள்ளினார். சரியா தப்பா என்று சொன்னது தெருவில் ஆடிய கூட்டம். இதைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்த நாடாக்களில் வாசித்தவர்களுக்குப் பெரும்பாலும் அன்றைய கூலிதான். அதே தாளம் எத்தனை தட்டாக வந்தாலும் பங்கு கிடையாது.

1979இல் டியாக் கம்பெனி சாதாரண கேசட்டில் நான்கு தடம் பதியும் கருவியைக் கொண்டுவந்தது. 1982 ஜனவரியில் நியூ ஜெர்சி வாடகை வீட்டில் அதைக்கொண்டு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பதிந்த பாடல்கள் வெறும் மாதிரிக்காகத்தான். ஆனால் பெரிய ஸ்டூடியோவில் குழுவோடு பாடிப் பார்த்தபோது அந்த உயிர் வரவில்லை. கேசட்டையே ‘நெப்ராஸ்கா’ என்று வெளியிட முடிவாயிற்று. பிறகுதான் சிக்கல். தட்டு வெட்டும் அறைகள் பலவும் கைவிரித்தன. ஒலியளவை நன்றாகக் குறைத்து வெட்டியபோதுதான் தட்டு தேறியது. பதிவு வீட்டுக்கு வந்துவிட்டது. வாசல் வெளியேதான் இருந்தது. அவர் நட்சத்திரம் என்பதால் ஒரு கேசட்டுக்காகக் கம்பெனி அறை அறையாக அலைந்தது. பெயரில்லாத ஒருவனின் கேசட் என்னவாகியிருக்கும்?

அதே 1982இல் குறுந்தகடு வந்தது. இனி ஊசி இல்லை, பள்ளம் இல்லை. பழைய சமரசத்துக்கே காரணம் இல்லை. ஆனால் எண்ணால் ஆன உச்சவரம்பு ஒன்று இருந்தது. 1994இல் வேவ்ஸ் நிறுவனத்தின் எல்1 என்ற மென்பொருள் லிமிட்டர் வந்தபின், அந்த வரம்புக்குள் எவ்வளவு நெரிக்க முடியும் என்ற போட்டி மும்முரமாயிற்று. 2008இல் மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னடிக்’ வந்தபோது, ஒரு வீடியோ விளையாட்டில் இருந்த அதன் வடிவம் தொகுப்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்று ரசிகர்களே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இதற்குள் இந்தக் கருவிகள் வீட்டுக் கணினிகளுக்கு இறங்கிவிட்டன. 1977இல் ‘இரைச்சல்’ பற்றி எழுதிய ழாக் அத்தாலி, சந்தைக்கு வெளியே மக்கள் தமக்காகவே இசை செய்யும் காலம் ஒன்றை எதிர்பார்த்தார். கருவிகளைப் பொறுத்தவரை அது வந்துவிட்டது. ஆனால் என் மாடி அறையில் என்ன நடந்தது? யாரும் உத்தரவிடவில்லை, நானாகவே பறையின் தலையைச் சீவினேன். கிராம்சி ‘இசைவு’ என்றது இதைத்தான். ஆண்டை இல்லாத அறையில் ஆண்டையின் காதோடு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வாசல் வேறு உருவில் நிற்கிறது. செவி உணரும் உரப்பை அளக்கும் சர்வதேச முறை 2006இல் வெளியானது. அந்த முறையில் அளந்து, ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் பாட்டுகளை −14 என்ற அளவை ஒட்டி இறக்குகிறது, ஏற்றுகிறது. ஆக, நெரித்து ஏற்றிய பாட்டு அங்கே இறக்கப்படுகிறது. நெரிசல் மட்டும் மிஞ்சுகிறது. சத்தப் போட்டிக்கு அங்கே அர்த்தமே இல்லை. ஆனால் அந்த எண்ணையும் யாரோ நம்மைக் கேட்காமல்தான் வைத்தார்கள். நம்மைக் கேட்காமலே மாற்றவும் முடியும். கருவி கைக்கு வந்தது பெரிய விஷயம், மறுக்கவில்லை. எந்தக் காதை நம்பி அதைத் திருகுகிறோம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஐந்து பாட்டிலிருந்தும் லிமிட்டரை ஏறக்குறைய முழுக்க எடுத்துவிட்டேன். இந்த முறை என் ஹெட்ஃபோனில் முடிவு செய்யவில்லை. நாடகம் போடும் தெருவிலேயே வாடகை ஸ்பீக்கரை வைத்துப் போட்டோம். பறைத் தோழர் தானே போய்க் குமிழைத் திருகி ஒலியை ஏற்றினார். அடி கேட்டது. ‘சத்தம் வேணும்னா ஏத்திக்கலாம் தோழர். அடி போச்சுன்னா எங்க போய் எடுக்குறது?’ என்றார்.