பெயர் மாறிய அன்னபூரணி

போடிமெட்டு மலைமேல் இருப்பவனுக்குக் கடல் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். நம் வேப்பமரமும் இந்தக் கதையில் வருகிறது.

1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்கு ஒரு பாய்க்கப்பல் வந்து சேர்ந்தது. பெயர் 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'. பெயரை மட்டும் படித்தவர்கள் அதை அமெரிக்கக் கப்பல் என்றே நினைத்திருப்பார்கள்.

உண்மையில் அது யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் அவ்வூர்த் தச்சர்கள் வேப்பமரத்தால் கட்டிய 'அன்னபூரணி'. சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றி வந்த ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். சூயஸ் கால்வாய் தாண்டி, அட்லாண்டிக் கடந்து அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள்.

கைமாறிய கப்பலுக்குப் பெயர் மாறுவது வழக்கம்தான். அது வாங்கியவர் உரிமை. ஆனால் வரலாறு படிக்கிறவர்கள் பெயர்ப்பலகையோடு நின்றுவிடக் கூடாது. எந்த மரம், யார் கட்டியது, எந்தத் துறையில் கட்டியது என்று கேட்க வேண்டும். கேட்டால்தான் ஃபுளோரன்ஸுக்குள் இருக்கும் அன்னபூரணி தெரிவாள்.

பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.