நாற்காலிக்கு வாடகை ஒரு கோப்பைக் காபி

1930களின் நடுப்பகுதியில் மைசூரில் ஓர் இளைஞர் நாள்தோறும் காலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கடைத்தெரு, நீதிமன்றம், காவல் நிலையம் என்று செய்தி தேடி அலைந்தார். சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' நாளிதழுக்கு அவரே மைசூர்ச் செய்தியாளர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சேறிய செய்தியின் நீளத்தை அங்குலக் கணக்கில் அளந்து கூலி கொடுத்தார்கள். நண்பகலுக்குப் பின் வீடு திரும்பி, தட்டச்சு செய்து, அன்றைய தபாலிலேயே சேர்த்தாக வேண்டும். நீதிக்கட்சியின் பத்திரிகைக்கு ஒரு பிராமண இளைஞர் செய்தி திரட்டிய முரண், ஊரில் அவரிடமே கேட்கப்பட்டது. அவர் பெயர் ஆர்.கே. நாராயண். சென்னப்பட்டணத்தில் கிடைத்த பள்ளி ஆசிரியர் வேலையைச் சில நாள்களிலேயே உதறிவிட்டு, எழுத்தைத் தவிர வேறு தொழில் இல்லை என்று உறுதிகொண்டவர்.

நாராயணின் வாழ்க்கையைப் பேசுவோர் இந்த அலைச்சலைப் பெரும்பாலும் வறுமைக்கால நிகழ்ச்சியாகக் கருதிக் கடந்துவிடுகின்றனர். அது சரியன்று. மால்குடியின் வழக்கறிஞர்களும் வட்டிக்காரர்களும் அச்சகத்தாரும் மேசை முன் அமர்ந்து கற்பனை செய்யப்பட்டவர்கள் அல்லர். அங்குலக் கூலிக்காகச் சுற்றியபோது கண்ணிலும் காதிலும் பட்டவர்களின் சாயல் அவர்களிடம் உண்டு. பிழைப்புக்கான வேலையும் எழுத்துக்கான வேலையும் ஒரே தெருவில் நடந்தன. அந்தத் தெருவில் நடக்க அவருக்கு ஒரு பின்புலமும் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான தந்தையின் ஓய்வூதியத்தில் ஓடிய கூட்டுக் குடும்பமும், நேரத்துக்குச் சோறு போட்ட அடுக்களையுமே அந்தப் பின்புலம்.

'ஃப்ரீலான்ஸ்' என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1819இன் இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' நாவலில் அது எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத ஈட்டிவீரர்களை, அதாவது கூலிப்படையினரைக் குறிக்கிறது. தமிழில் நாம் வழங்கும் 'சுயாதீன' என்ற அடைமொழி விடுதலையை மட்டும் எடுத்துக்கொண்டு கூலியை விட்டுவிட்டது. மொழிபெயர்ப்பில் நேர்ந்த இந்த இழப்பு சிறியதன்று. எஜமானன் இல்லாதவனுக்குச் சம்பளத்தோடு வேறு சிலவும் இல்லாமல் போகின்றன: உட்கார நாற்காலி, பேச்சுத்துணை, வேலை முடிந்தது என்று அறிவிக்கும் மணி. வீட்டிலேயே இருந்தால் இம்மூன்றும் கிடைப்பதில்லை. ஆகவே அவன் வெளியே ஓரிடம் தேடுகிறான். வங்காளியின் 'அட்டா', இந்தியின் 'பைட்டக்', மராத்தியின் 'கட்டா', தமிழின் 'திண்ணை' ஆகிய சொற்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவை உட்காரும் இடத்தையோ உட்காருதலையோ ஒட்டியே உரையாடலைக் குறிக்க வந்திருப்பது தெரியும். ஆனால் திண்ணை யாருடையது, அதில் யார் ஏறி உட்காரலாம் என்ற கேள்வியும் அச்சொற்களோடு சேர்ந்தே வருகிறது.

சாதியையோ வீட்டுக்காரரின் தயவையோ கேட்காமல், காசு கொடுத்தால் உட்காரலாம் என்ற ஏற்பாட்டை நகரங்களில் பரப்பியவற்றுள் காபி ஹவுஸ் முதன்மையானது. அதைத் தோற்றுவித்தவர்களின் நோக்கம் இலக்கியமன்று, விற்காத காபிக்கொட்டை. 1930களின் பொருளாதார மந்தத்தில் காபியின் விலை சரிந்தபோது, உள்நாட்டில் குடிப்போரைப் பெருக்குவதற்காக காபி செஸ் கமிட்டி 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் 'இந்தியா காபி ஹவுஸ்' திறந்தது. 1940களில் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 50 ஆயிற்று. கல்கத்தாவின் காலேஜ் ஸ்ட்ரீட்டில் 1942இல் காபி வாரியம் கடை திறந்த இடம் பழைய ஆல்பர்ட் ஹால். சுரேந்திரநாத் பானர்ஜியும் ஆனந்த மோகன் போஸும் 1876இல் இந்தியச் சங்கத்தைத் தோற்றுவித்த அதே கூடம்.

சுற்றிலும் அச்சகங்கள், பதிப்பகங்கள், புத்தகக் கடைகள். எதிரே பிரெசிடென்சி கல்லூரி, பல்கலைக்கழகம். பதிப்பகங்களை நம்பிப் பிழைத்த எழுத்தாளருக்கு வேலை தருபவரும் வேலையைப் பகிர்பவரும் ஒரே கூடத்தில் கிடைத்தனர். 1953இல் தொடங்கிய 'கிருத்திபாஸ்' இதழைச் சார்ந்த கவிஞர்களுக்கு அலுவலகம் என்று சொல்லத்தக்கது அந்த மேசைகளே. ஒரு கோப்பைக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. பரிமாறுபவரின் பொறுமையே விதி.

அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? 1950களின் நடுவில் காபி வாரியம் தன் கடைகளை மூட முடிவு செய்தது. தொழிலாளர்கள் தெருவில் நின்றனர். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்குக் காட்டிய வழி, கடைகளைத் தாங்களே ஏற்று நடத்துவது. 1957 ஆகஸ்ட் 19 அன்று பெங்களூரில் முதல் இந்தியன் காபி தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அக்டோபர் 27 அன்று டெல்லியில் கூட்டுறவின் முதல் காபி ஹவுஸ் திறந்தது. 1958 மார்ச்சில் திருச்சூர். அதே 1958இல் காலேஜ் ஸ்ட்ரீட் கடை மூடப்படும் நிலை வந்தபோது, பேராசிரியர்கள் எடுத்துச் சொன்ன பிறகே அது மீண்டும் திறந்தது.

எழுத்தாளர்களின் நினைவுக்குறிப்புகளில் காபி ஹவுஸ் வந்துகொண்டே இருக்கிறது. தலைப்பாகை அணிந்த பரிமாறுபவரும் ஓரமாக வந்து போகிறார். அவர் அந்தக் கடையின் பங்குதாரர் என்பதோ, வேலை இழந்து, சங்கம் கட்டி, அந்த நாற்காலிகளை மீட்டவர்களுள் ஒருவர் என்பதோ அரிதாகவே எழுதப்படுகிறது. எழுத்தாளரின் நிலையற்ற வருமானத்துக்கு இடம் கொடுத்தது, தொழிலாளர் தமக்காகப் போராடி நிலைப்படுத்திய வருமானம். லாபம் ஒன்றையே கருதும் முதலாளியின் கடையாக இருந்திருந்தால், ஒரு கோப்பையோடு ஒரு மாலை முழுதும் அமர்ந்திருக்க யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

இந்தி எழுத்தாளர் விஷ்ணு பிரபாகர் டெல்லி வானொலியின் நாடகப் பொறுப்பிலிருந்து விலகியதும் அதே 1957இல்தான். அதன்பின் 2009இல் மறையும்வரை எழுத்தே அவருடைய தொழில். சரத்சந்திரரின் வரலாறான 'ஆவாரா மசீஹா'வுக்கு அவர் 14 ஆண்டுகள் உழைத்தார். நூல் 1974இல் வந்தது. வாரச் சம்பளமோ காலக்கெடுவோ இல்லாத 14 ஆண்டு உழைப்பில் ஒருவர் சிதறிப்போகாமல் இருக்க ஏதோ ஒரு ஒழுங்கு வேண்டும். அவருக்கு அந்த ஒழுங்குகளுள் ஒன்று மாலைநேரக் காபி ஹவுஸ். பழைய டெல்லியிலிருந்து வந்து, பேசிவிட்டு, வீடு திரும்புவார். கன்னாட் பிளேஸில் இருந்த காபி ஹவுஸ் நெருக்கடிநிலையின்போது, 1976இல், இடிக்கப்பட்டது. அரசியல் பேசுவோர் கூடும் இடம் என்பதால்தான் என்று அன்றும் இன்றும் சொல்லப்படுகிறது. கடை மோகன் சிங் பிளேஸ் மாடிக்கு மாறியது. விஷ்ணு பிரபாகரும் அங்கே மாறினார்.

'சாரிகா' ஆசிரியர் பொறுப்பை 1963இல் விட்ட மோகன் ராகேஷும், எழுத்தையே தொழிலாகக் கொண்ட ராஜேந்திர யாதவும் புதிய சிறுகதை இயக்கத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர்கள். அந்த இயக்கத்தில் யாதவின் மனைவி மன்னு பண்டாரிக்கும் சமமான இடம் உண்டு. அவருடைய நாள் வேறு விதமானது. 1964 முதல் மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் ஆசிரியர். மாதச் சம்பளம் அவருடையது, வீட்டுப் பொறுப்பும் அவருடையது. கணவருக்கு வெளியே செல்வது வேலையின் நீட்சி. மனைவிக்கோ வேலை முடிந்ததும் வீடு. 1971இல் வந்த 'ஆப்கா பன்ட்டி' நாவலை எழுத அவர் தேடிச் சென்ற இடம் காபி ஹவுஸ் அன்று. தம் கல்லூரி விடுதியின் ஓர் அறை. நாராயணுக்கு வீட்டிலிருந்து வெளியேற முடிந்தது எழுத்துக்கான பொருளைக் கொடுத்தது. மன்னு பண்டாரி வெளியேறியது எழுத்துக்கான நேரத்தைப் பெறுவதற்கு. வீட்டுக்கு வெளியே வேலை செய்யும் எழுத்தாளரைப் பற்றிய ஆய்வுகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

பம்பாயில் அருண் கொலாட்கருக்கு வியாழக்கிழமை இருந்தது. விளம்பரத் துறையில் பரிசுகள் பல வாங்கிய வரைகலைஞர். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கவிஞர். வீடு பிரபாதேவியில் ஒற்றை அறை, தொலைபேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரைக் காண விரும்புவோர் வியாழன் பிற்பகலில் காலா கோடாவிலிருந்த 'வேசைடு இன்' உணவகத்துக்குச் செல்ல வேண்டும். சன்னலோர மேசை. வெளியே ஒரு முக்கோணப் போக்குவரத்துத் திட்டு. காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. பெயர் தந்த ஏழாம் எட்வர்டின் குதிரைச் சிலை 1965இலேயே அகற்றப்பட்டு பைகுல்லா உயிரியல் பூங்காவுக்குப் போய்விட்டது. கொலாட்கர் பார்த்துக்கொண்டிருந்தது குதிரை இல்லாத காலா கோடாவை. தெருநாய், குப்பை பெருக்கும் பெண், அலுமினியப் பெட்டியிலிருந்து எடுத்துப் பரிமாறப்படும் இட்லி, அதைச் சுற்றிக் காலைப்பசியோடு கூடும் தெருவாசிகள்: 'காலா கோடா போயம்ஸ்' தொகுப்பின் உலகம் இவ்வளவே. தொகுப்பு 2004இல் வந்தது. சில வாரங்களில், செப்டம்பர் மாதம், அவர் காலமானார்.

வேசைடு இன் அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. அவ்விடத்தில் வேறோர் உணவகம் வந்தது. கொலாட்கரும் நண்பர்களும் மேசையை மாற்றிக்கொண்டு வேறொரு கடையில் கூடினர்.